ரைமிங் கடைசி வேலை: நாலு சில்லு பைக்கின் ரூ ஸ்ரோக் எஞ்சினைப் பூட்டும் முறை

ரூ ஸ்ரோக் எஞ்சினை முதன்முதலாகப் பூட்டுகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, "ரைமிங்கை எவ்வளவு முன்னுக்கு வைக்கலாம்?" என்பது. பிளக் பொறி பறக்கும் நேரம்தான் ரைமிங். அதுபற்றிய கேள்வி கடைசியில் வரவேண்டியது. கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) நேராக இருக்கிறதா, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் எவ்வளவு இடம், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் வாய் (இரு முனைக்கும் இடையிலான வெட்டு) எவ்வளவு, ஹெட்டுக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவில் எத்தனை மில்லிமீற்றர், எங்காவது காற்று ஒழுகுகிறதா என்ற ஐந்துக்கும் இலக்கமாகப் பதில் இருந்தால்தான் ரைமிங்குக்கு அர்த்தம் வரும். இவற்றில் ஒன்று பிழைத்திருக்க, ரைமிங்கைத் திருப்பிச் சரிக்கட்டப் பார்ப்பதால்தான் பிஸ்டன்கள் ஓட்டையாகின்றன.

யாழ்ப்பாணத்தில் ரூ ஸ்ரோக் புதிதல்ல. பழைய மோட்டார் சைக்கிள்கள், பழைய ஓட்டோக்கள், கரையோரத்து வெளியிணைப்பு எஞ்சின்கள் எல்லாம் இதே தத்துவம்தான். நாலு சில்லு பைக்கில் வேறுபடுவது சுமை. மணற்காட்டு மணலிலோ வடமராட்சி கிழக்குக் கடற்கரையிலோ ஓடும்போது எஞ்சினுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. தார் வீதியில் கைப்பிடியை விட்டால் வண்டி உருண்டு போகும், எஞ்சின் ஆறும். மணலில் விட்டால் நின்றுவிடும். ஆகவே எப்போதும் திறந்த திரொட்டில், எப்போதும் சூடு. கீழே தரும் அளவுகளை அந்தச் சூட்டை மனதில் வைத்தே பார்க்கவேண்டும்.

உதாரணத்துக்கு யமஹா பான்ஷீ என்ற இரட்டைச் சிலிண்டர் நாலு சில்லு பைக்கின் அளவை எடுத்துக்கொள்வோம்: போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 64 மி.மீ., ஸ்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54 மி.மீ., கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) நீளம் 110 மி.மீ. உங்கள் எஞ்சின் வேறாக இருந்தால் அதன் மனுவலில் உள்ள இலக்கமே செல்லும். மனுவல் கையில் இல்லாதபோது இங்குள்ள பொது அளவுகள் உதவும்.

வேண்டிய கருவிகள்

0.01 மி.மீ. வாசிக்கும் டயல் கேஜ், மைக்ரோமீற்றர், வேர்ணியர், ஃபீலர் கேஜ், ஸ்ட்ரோப் ரைமிங் லைட், மக்னெற் (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சில்லு) கழற்றும் சரியான புல்லர், ரோர்க் ஸ்பனர். போர் அளக்கும் கேஜ் விலை கூடியது. அது உள்ள லேத் பட்டறையில் அளப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அளக்கும்போது பக்கத்தில் நின்று இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். "சரியாக இருக்கு" என்பது அளவல்ல. இவற்றோடு, ரேடியோ திருத்துகிறவர்கள் பாவிக்கும் 1.5 மி.மீ. ஈயக் கம்பி ஒரு முழம், பழைய இரத்த அழுத்தமானி ஒன்று. அது எதற்கு என்பது பின்னால் வரும்.

கிராங்க்

கிராங்கின் இரு முனைகளையும் வீ வடிவத் தாங்கியில் வைத்து, டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஊசி 0.03 மி.மீ.க்குள் ஆடினால் நல்லது. 0.05ஐத் தாண்டினால் கிராங்கை நேராக்க வேண்டும். மக்னெற் பக்க முனை ஆடினால், பொறிக்கான சைகையை எடுக்கும் பிக்கப்புக்கும் மக்னெற்றுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், ரைமிங் லைட்டில் குறி நில்லாமல் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, பொறியை உண்டாக்கும் மின்னணுப் பெட்டியான சீடிஐயை மாற்றுகிறவர்கள் பலர்.

கொன்ரொட்டின் பெரிய முனையில் பக்கவாட்டு இடைவெளி 0.25 முதல் 0.75 மி.மீ. வரை இருக்கலாம், ஃபீலர் கேஜ் போட்டுப் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டும்போது எந்த ஆட்டமும் கையில் படக்கூடாது. "டக்" என்று ஒரு சின்னத் தட்டு கேட்டாலே பெயாரிங் முடிந்தது. மெயின் பெயாரிங் வாங்கும்போது பெட்டியில் சி3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது சூட்டில் விரிய உள்ளே கூடுதல் இடம் விட்ட வகை. சாதாரண வகை வெளித்தோற்றத்தில் ஒன்றுதான், ஆனால் சூடானதும் இறுகிவிடும். ஓயில் சீல் இரண்டும் எப்போதும் புதிது. பழையது நல்லாக இருக்கிறது என்று திரும்பப் போடவேண்டாம்.

பிஸ்டனும் சிலிண்டரும்

முதலில் பிஸ்டன் கையில் வரவேண்டும், பிறகுதான் போர் கடைவது. பெட்டியில் அச்சடித்த அளவை நம்பிச் சிலிண்டரைக் கடையாதீர்கள். இந்த வகைப் பிஸ்டன்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருக்கும், ஒரு முறை அளவுக்கு மீறிக் கடைந்துவிட்டால் அடுத்த ஓவர்சைஸ் வரும்வரை எஞ்சின் மேசையில்தான் இருக்கும்.

பிஸ்டனை அளக்கவேண்டிய இடம் பாவாடைப் பகுதி: கீழ் விளிம்பிலிருந்து 10 மி.மீ. மேலே, பிஸ்டனையும் கொன்ரொட்டையும் கோர்க்கும் பிஸ்டன் பின் என்ற ஊசிக்குக் குறுக்காக. பிஸ்டன் முழு வட்டமும் அல்ல, நேர் உருளையும் அல்ல, ஆகவே வேறு இடத்தில் அளந்தால் வேறு இலக்கம் வரும். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளவுங்கள்.

வார்ப்புப் பிஸ்டனுக்கு இடைவெளி போரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 64 மி.மீ. போருக்கு 0.065 மி.மீ. அளவில். அடித்துச் செய்த ஃபோர்ஜ்ட் பிஸ்டன் கூடுதலாக விரியும், அதற்கு 0.08 முதல் 0.10 வரை வேண்டும். பிஸ்டன் செய்தவர்கள் தாளில் தந்த இலக்கம் இருந்தால் அதுதான் முடிவு. காற்றில் ஆறும் எஞ்சின், மணல் ஓட்டம் என்றால் தரப்பட்ட வரம்பின் கூடிய பக்கத்தில் நில்லுங்கள். இறுக்கமாக வைத்தால் எஞ்சின் "புதிசு மாதிரி" சத்தமில்லாமல் ஓடும், முதல் நீண்ட ஏற்றத்தில் பிடித்துக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டி வைத்தால் குளிரில் கொஞ்சம் கலகலக்கும். சத்தத்தைத் தாங்கலாம்.

கடைந்தபின் போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்களின்) விளிம்பு கத்திபோல இருக்கும். ஒவ்வொன்றையும் சின்னக் கல்லால் மழுக்கவேண்டும், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும். இதைப் பட்டறை செய்திருக்கும் என்று எண்ணாதீர்கள், விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மழுக்காத விளிம்பில் ரிங் கொளுவி முறிந்தால் பிஸ்டன், சிலிண்டர், ஹெட் மூன்றும் போகும்.

பிறகு கழுவல். பெற்றோலால் மட்டும் கழுவினால் கடைசல் தூள் குறுக்குக் கீறல்களுக்குள்ளேயே தங்கும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுப் பிரஷால் தேய்த்து, துடைத்து, உடனே ஓயில் பூசி, பழைய வெள்ளை வேட்டித் துண்டால் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் திரும்பவும் கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை. வலிகாமத்துச் செம்மண் தூசு பறக்கும் முற்றத்தில் இந்த வேலையைச் செய்யாமல், ஈரத்துணியால் துடைத்த மேசையில் அறைக்குள் செய்வது நல்லது.

ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் 20 மி.மீ. ஆழத்துக்குச் சமனாகத் தள்ளி, வாயின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளவுங்கள். 64 மி.மீ. போருக்கு 0.25 முதல் 0.35 மி.மீ. வரை நல்லது. குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரே திசையில் அராவுங்கள். போதாத வாய் சூட்டில் முட்டினால் ரிங்குக்குப் போக இடமில்லை, சுவரைக் கிழிக்கும். ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே. வாய் பிஸ்டனிலுள்ள முளையில் சரியாக அமரவேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம். பிஸ்டன் பின்னின் கிளிப் போடுமுன் கிராங்க் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். கிளிப் இரண்டும் புதிது, அவற்றின் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே.

ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில்

ஸ்குவிஷ் என்று சொல்லப்படும் இந்த இடைவெளிதான் ரைமிங்கோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஓரத்திலுள்ள கலவை நடுவை நோக்கிப் பிதுக்கப்படுகிறது. அந்தக் குழப்பத்தில் தீ விரைவாகப் பரவுகிறது, ஓரத்தில் எஞ்சும் மெல்லிய படலம் உலோகத்தில் பட்டு ஆறிவிடுவதால் தானாகப் பற்றுவதில்லை. இடைவெளி 2 மி.மீ. போல இருந்தால் பிதுக்கமும் இல்லை, ஆறலும் இல்லை. ஓரக் கலவை தன்பாட்டில் வெடிக்கும், அதுதான் நொக்கிங். மிகக் குறைந்தால், கூடிய சுற்றில் கொன்ரொட் இழுபட்டு நீளும்போது பிஸ்டன் ஹெட்டில் முட்டும்.

அளப்பது இலகு. ஈயக் கம்பியை இரண்டு துண்டாக வெட்டி, பிஸ்டன் தலையில், பிஸ்டன் பின் போகும் திசையில் இரு பக்கமும் சிலிண்டர் சுவரைத் தொடும்படி, கொஞ்சம் கிறீஸ் பூசி ஒட்டுங்கள். மற்றத் திசையில் வைத்தால் பிஸ்டன் சரிந்து பிழையான அளவு வரும். பாவிக்கப்போகும் பக்கிங்குகளையே (மூட்டுகளில் வைக்கும் மெல்லிய அடைப்புகளை) போட்டு, ஹெட்டை முழு அளவுக்கு இறுக்கி, கையால் ஒரு தரம் உச்சியைக் கடந்து சுற்றுங்கள். கழற்றி, நசிந்த நுனியை மைக்ரோமீற்றரால் அளவுங்கள். கம்பி நசியவே இல்லையென்றால் இரண்டை முறுக்கித் தடிப்பாக்கித் திரும்பச் செய்யுங்கள். இரு பக்கமும் 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் ஹெட் சமனில்லை அல்லது கொன்ரொட் வளைந்திருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே போகவேண்டாம்.

100 சிசி அளவு எஞ்சினுக்கு 0.8 முதல் 0.9, 200 முதல் 250 சிசி வரையான ஒற்றைச் சிலிண்டருக்கு 1.0 முதல் 1.3 மி.மீ. என்பது வீட்டில் பூட்டுகிறவர்களுக்குப் பாதுகாப்பான இடம். பான்ஷீயில் ஒவ்வொரு சிலிண்டரும் 175 சிசிக்குக் கிட்ட, அதற்கும் 1.0க்குக் கீழே போகத் தேவையில்லை.

குறைக்க வழி இரண்டு. அடிப் பக்கிங்கை மெல்லியதாக்கினால் சிலிண்டர் முழுவதும் கீழே வரும், போர்ட்டுகளும் கூடவே இறங்கும். நம் உதாரண எஞ்சினில் 0.5 மி.மீ. இறக்கினால் சைலன்சர் போர்ட் திறந்திருக்கும் நேரம் ஏறத்தாழ 2 பாகை குறையும். அடி இழுவை கொஞ்சம் கூடும், மேல் சுற்று கொஞ்சம் குறையும். மணலுக்கு அது கெடுதலல்ல. ஹெட்டை லேத்தில் கடைந்தால் போர்ட்டுகள் மாறா, ஆனால் 0.5 மி.மீ. எடுத்தால் எரியும் அறையில் 1.6 சிசி குறையும், அமுக்கம் ஏறும். எந்த வழியானாலும் அமுக்கம் ஏறினால் தீ விரைவாக எரியும், ஆகவே ரைமிங்கை 1 முதல் 2 பாகை பின்னுக்கு எடுக்கவேண்டும். ஸ்குவிஷை இறுக்கி, ரைமிங்கையும் முன்னுக்கு வைப்பது இரட்டைப் பிழை.

ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள்.

காற்று ஒழுக்கு

ரூ ஸ்ரோக்கில் கிராங்க் அறையும் ஒரு பம்ப். எங்கே ஒழுகினாலும் ஓயில் கலந்த பெற்றோலுக்குப் பதில் வெறும் காற்று உள்ளே போகும், கலவை மெலியும், சூடு ஏறும். அப்படி உருகிய பிஸ்டன் பார்வைக்கு ரைமிங் பிழையால் உருகியது போலவே இருக்கும்.

இரத்த அழுத்தமானி இங்கேதான். கைத்துணியைக் கழற்றிவிட்டு, பந்தையும் முகப்பையும் மட்டும் எடுங்கள். அதன் 300 என்ற கோடு ஏறத்தாழ 5.8 பிஎஸ்ஐ, இந்தச் சோதனைக்கு வேண்டிய அளவே அது. சைலன்சர் வாயைச் சைக்கிள் ரியூப் துண்டும் தகடும் வைத்து அடையுங்கள். காபரேற்றர் வாயில் ரப்பர் அடைப்பு, அதில் ஒரு குழாய். பிளக் பூட்டியிருக்க, பிஸ்டன் அடியில் நிற்க, 300 வரை பம்ப் பண்ணுங்கள். அதைத் தாண்டவேண்டாம், சீல் வெளியே தள்ளுப்படலாம். 6 நிமிடம் காத்திருங்கள். நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் அந்த எஞ்சினை இயக்கக் கூடாது. நன்றாகப் பூட்டிய எஞ்சினில் ஊசி அசைவதே தெரியாது. இறங்கினால் சவர்க்கார நீரைப் பூசி நுரை எங்கே வருகிறதென்று தேடுங்கள்: அடிப் பக்கிங், ரீட் வால்வ் பக்கிங், மக்னெற்றுக்குப் பின்னாலுள்ள சீல். கியர் பக்கத்துச் சீல் ஒழுகினால் நுரை வெளியே தெரியாது. கியர் பெட்டியின் மூச்சுக் குழாயில் காற்று வருகிறதா என்று பாருங்கள். அந்தச் சீல் போன எஞ்சின் கியர் ஓயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும்.

இப்போது ரைமிங்

பிளக் பொறி பறந்ததும் கலவை ஒரேயடியாக வெடிப்பதில்லை, தீ பரவ நேரம் எடுக்கும். பிஸ்டன் உச்சியைக் கடந்து 12 முதல் 15 பாகை வரும்போது அழுத்தம் உச்சத்துக்கு வந்தால் நல்ல தள்ளு கிடைக்கும். அதற்காகவே உச்சிக்கு முன்பே பொறி தேவை. மிக முன்னுக்குப் போனால் ஏறிவரும் பிஸ்டனையே அழுத்தம் அறையும். மிகப் பின்னுக்குப் போனால் எரிவு சைலன்சருக்குள் போய் முடியும்.

பான்ஷீக்கு 17 பாகை முன்பு என்பது கொம்பனி அளவு. பாகையைப் பிஸ்டன் தூரமாக மாற்றினால் டயல் கேஜால் பிடிக்கலாம். 54 மி.மீ. ஸ்ரோக், 110 மி.மீ. கொன்ரொட்டுக்கு உச்சிக்குக் கீழே:

15 பாகை: 1.14 மி.மீ.
16 பாகை: 1.30 மி.மீ.
17 பாகை: 1.46 மி.மீ.
18 பாகை: 1.64 மி.மீ.
20 பாகை: 2.02 மி.மீ.
22 பாகை: 2.43 மி.மீ.

வேறு எஞ்சினுக்கு இந்த இலக்கங்கள் பொருந்தா. ஸ்ரோக்கின் பாதி, கொன்ரொட் நீளம் இரண்டையும் வைத்துக் கணக்கிடவேண்டும்.

1. மக்னெற்றைப் பூட்டுமுன் கிராங்கின் கூம்பையும் மக்னெற்றின் உட்கூம்பையும் ஓயில் இல்லாமல் துடையுங்கள். மக்னெற்றைப் பிடித்திருப்பது அந்தக் கூம்பின் பிடிதான், அரைவட்டச் சாவி இடம் காட்ட மட்டுமே. கூம்பு சரியாக அமராவிட்டால் வால்வ் தேய்க்கும் பசை கொஞ்சம் பூசி, சாவி இல்லாமல் கையால் தேய்த்து அமர்த்தி, முழுவதும் கழுவுங்கள். சாவி பாதி வெட்டுப்பட்டிருந்தால் ரைமிங் பல பாகை நகர்ந்திருக்கும்.

2. டயல் கேஜைப் பிளக் துவாரத்தில் பூட்டுங்கள். 14 மி.மீ. பிளக்கின் புரி இடைவெளி 1.25 மி.மீ., அதற்கேற்ற அடப்ரர் வேண்டும். பிளக் சரிந்து நிற்கும் ஹெட்டானால் கேஜும் சரிந்து பிழை காட்டும். அப்படியானால் ஹெட்டைக் கழற்றி, கேஜை நேராக நிறுத்துங்கள்.

3. உச்சியைப் பிடியுங்கள். ஊசி நின்று திரும்பும் இடத்தைப் பூச்சியமாக்குங்கள். உச்சியில் சில பாகைக்குப் பிஸ்டன் அசைவதே தெரியாது. நிச்சயமாக வேண்டுமென்றால் பழைய பிளக்கின் உள்ளே முனை மழுக்கிய போல்ற் ஒன்றைப் பொருத்தித் தடையாக்குங்கள். மக்னெற்றைக் கையால் மெதுவாக இரு பக்கமும் சுற்றி, முட்டும் இரு இடத்திலும் குறியிட்டால், நடுப்புள்ளிதான் உச்சி. கிக்கரைப் பாவிக்காதீர்கள்.

4. எஞ்சின் சுற்றும் திசைக்கு எதிராக ஒரு கால் சுற்றுப் பின்னே போய், திரும்ப முன்னே சுற்றி, 1.46 மி.மீ. வந்ததும் நிறுத்துங்கள். எப்போதும் ஓடும் திசையிலேயே வந்து நிற்கவேண்டும், இல்லையேல் பெயாரிங் ஆட்டம் அளவுக்குள் வரும். அந்த இடத்தில் மக்னெற்றிலும் கவசத்திலும் நேருக்கு நேர் வெள்ளைக் கோடு போடுங்கள்.

5. போயின்ற் (பொறிக்காகத் திறந்து மூடும் தொடர்புமுனை) உள்ள பழைய எஞ்சினானால் முதலில் வாயை 0.35 மி.மீ.க்கு வையுங்கள், பிறகு மல்ரிமீற்றரில் தொடர்பு விடும் கணம் அந்தக் கோட்டில் வரும்படி ஸ்ரேற்றர் தட்டை (மக்னெற்றுக்குப் பின்னால் சுருள்களைத் தாங்கும் தட்டை) திருப்புங்கள். பிறகு வாயைத் தொட்டால் ரைமிங்கும் மாறும்: வாய் கூடினால் முன்னுக்கு, குறைந்தால் பின்னுக்கு.

6. சீடிஐ எஞ்சினுக்கு ஸ்ட்ரோப் லைட். அதற்கு வெளியே ஒரு 12 வோல்ற் பற்றரி கொடுங்கள். எஞ்சினை இயக்கி, மனுவல் சொல்லும் சுற்றில் கோடுகள் நேருக்கு வருகின்றனவா என்று பாருங்கள். பல சீடிஐகள் சுற்றுக்கேற்ப ரைமிங்கை நகர்த்தும், ஆகவே ஐட்லிங்கில் பார்த்ததோடு நிறுத்தாமல் சுற்றை ஏற்றியும் பாருங்கள்.

ஸ்ரேற்றர் தட்டை எஞ்சின் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் ரைமிங் முன்னுக்கு, அதே திசையில் திருப்பினால் பின்னுக்கு. 100 மி.மீ. விட்டமுள்ள தட்டின் ஓரத்தில் 1 பாகை என்பது 0.87 மி.மீ. மட்டுமே. கண்மட்டத்தில் "கொஞ்சம்" திருப்பினால் அது 3, 4 பாகையாகிவிடும்.

4 பாகை முன்தள்ளும் தட்டுகளும் சாவிகளும் விற்பனையில் உண்டு. நம்மூர் 92 ஒக்ரேன் பெற்றோலுக்கும் மணல் சுமைக்கும் அவை வேண்டாம். அமுக்கமானியில் திரொட்டிலை முழுக்கத் திறந்து உதைத்துப் பார்க்கும்போது 130 பிஎஸ்ஐயைத் தாண்டினால் 95 அடியுங்கள். 1990களின் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் நொக்கிங் சத்தம் மூத்தவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். ஒக்ரேன் குறைந்தால் ஓரக் கலவை காத்திருக்காது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கமில்லை.

முதல் ஓட்டம்

5 லீற்றர் பெற்றோலுக்கு 2ரீ ஓயில், 32க்கு 1 என்றால் 156 மி.லீ., 40க்கு 1 என்றால் 125 மி.லீ. மருந்து அளக்கும் குவளையால் அளவுங்கள். காபரேற்றரில் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெற்றை ஒரு படி பெரிதாக வைத்துத் தொடங்குங்கள். பிளக் வாய் 0.7 மி.மீ. எஞ்சினை இயக்கி, ஹெட் நன்றாகச் சுடும்வரை விட்டு, நிறுத்தி, முற்றாக ஆறவிடுங்கள். மூன்று தரம் இப்படி. முதல் தாங்கிப் பெற்றோல் முடியும்வரை கெட்டித் தரையில், அரைத் திரொட்டிலுக்குள், ஒரே வேகத்தில் நிலைக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மணலுக்கு இன்னும் நேரமாகவில்லை. ஃபோம் ஃபில்ரருக்கு ஓயில் தடவாமல் ஒரு தடவையும் இயக்கவேண்டாம்.

கிக்கர் காலைத் திருப்பி அடித்தால், ஏற்றத்தில் தகர டப்பாவுக்குள் கல் குலுக்குவது போலக் கேட்டால், பிஸ்டன் தலையின் ஓரம் உப்புத்தாளால் தேய்த்ததுபோல் புள்ளி புள்ளியாக இருந்தால், ரைமிங் முன்னுக்குப் போயிருக்கிறது அல்லது கலவை மெலிந்திருக்கிறது. இரண்டில் எது என்று ஒழுக்குச் சோதனையும் ஸ்ட்ரோப்பும் சொல்லும். இழுவை சோம்பி, சைலன்சரின் கழுத்து அளவுக்கு மீறிச் சுட்டால் பின்னுக்குப் போயிருக்கிறது. புதுப் பிளக்கைப் போட்டு முழுத் திரொட்டிலில் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்திக் கழற்றினால், அதன் பக்கக் கம்பியில் சூடு விட்ட நிறக்கோடு வளைவுக்குக் கிட்ட நிற்கவேண்டும். புரிப் பக்கமாக இறங்கியிருந்தால் 1 பாகை பின்னுக்கு எடுங்கள். நுனிப் பக்கமாக ஏறியிருந்தால் 1 பாகை முன்னுக்கு வைக்கலாம், அதுவும் நொக்கிங் இல்லையென்று நிச்சயமானபின்.

முதல் நாள் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் ஹெட் நட்டுகளையும் மக்னெற் நட்டையும் ரோர்க் ஸ்பனரால் திரும்பப் பாருங்கள். ஸ்ட்ரோப்பை இன்னொரு தரம் பிடியுங்கள், தட்டின் திருகாணி இளகியிருக்கலாம். கடற்கரையில் ஓடியிருந்தால் ஸ்ரேற்றர் வயர் இணைப்புகளைக் கழற்றி, உப்பைத் துடைத்து, மெல்லக் கிறீஸ் பூசுங்கள். அளந்த எல்லா இலக்கங்களையும் ஒரு மட்டையில் எழுதி, ஸீற்றுக்கு அடியில் ஒட்டிவையுங்கள். அடுத்த தரம் ஹெட்டைத் திறக்கும்போது அந்த மட்டையைத்தான் முதலில் எடுப்பீர்கள்.